பத்து ரூபாய் கொடுத்தால் புரட்டிப் பார்த்து வாங்கலாம்

கீழக்கரையோ தொண்டியோ பாம்பனோ, நம் ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்களில் இருந்து இங்கிலாந்துக்கு மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகள், அங்கே இறங்கிய சில வாரங்களுக்குள் கண்டுபிடித்துவிடும் இடம் ஒன்று உண்டு. சாரிட்டி ஷாப், அதாவது மக்கள் நன்கொடையாகக் கொடுத்த பழைய பொருளைத் தொண்டு அமைப்புகள் விற்கும் கடை. மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்கிப் பழகிய உடம்புக்கு அந்த ஊர் அக்டோபர் குளிரே தாங்காது, கையில் இருப்பதோ எண்ணி எண்ணிச் செலவழிக்கிற பவுண்டு. புதுக் கடையில் ஒரு நல்ல கம்பளிக் கோட்டுக்கு ஆகும் காசில் இங்கே கோட்டும் வாங்கி, சோறு வடிக்க ஒரு பாத்திரமும் வாங்கி, நாலு தட்டும் மேசை விளக்கும் சேர்த்து வாங்கிவிடலாம். சீனியர் பையன்கள் புதுசாக வந்தவர்களை முதலில் கூட்டிப் போவதே இந்தக் கடைகளுக்குத்தான்.

வீடியோ காலில் கோட்டைக் காட்டினால் ஊரில் இருந்து அம்மா கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "நல்லாத்தான்ப்பா இருக்கு. யாரு போட்டதுன்னு தெரியலையே. செத்தவுக துணியா இருந்தா?"

இருக்கலாம். உண்மையைச் சொன்னால், அங்கே இந்தக் கடைகளுக்கு வரும் பொருள்களில் நல்ல பங்கு, வயதானவர்கள் இறந்த பிறகு பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது வருவதுதான். அந்த அம்மாவின் கேள்வியில் அருவருப்பு மட்டும் இல்லை, நம் ஊரில் பழைய பொருள் எப்படிக் கைமாறுகிறது, யார் யாருக்குக் கொடுக்கலாம், யார் வாங்கினால் கௌரவக் குறைவு என்பது பற்றிய நீண்ட கணக்கு ஒன்று அதற்குள் இருக்கிறது. இந்தக் கடைகளில் பொருள் வேட்டையாடுவதில் ஏன் இவ்வளவு சந்தோஷம், அது ஏன் நம் கரையில் இன்னும் முளைக்கவில்லை, முளைக்க வைக்க முடியுமா என்பதை அந்தக் கணக்கில் இருந்துதான் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தக் கடை எப்படி வந்தது என்று சுருக்கமாக. ஆக்ஸ்ஃபாம் என்ற அமைப்பு 1942-இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தில் தொடங்கியது, இரண்டாம் உலகப் போரில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டு பட்டினி கிடந்த கிரேக்க மக்களுக்கு உதவி போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. மக்கள் துணியும் சாமானுமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். தேவைக்கு மிஞ்சியதை விற்றுக் காசாக்கினால் அந்தக் காசை உதவிக்கு அனுப்பலாமே என்று 1940-களின் கடைசியில் அதே ஊரின் பிராட் தெருவில் கடை போட்டார்கள். 1949-இல் ஜோ மிட்டி என்பவர் பொறுப்புக்கு வந்த பிறகு அது உண்மையான வியாபாரமாகவே வளர்ந்தது. அமெரிக்காவில் இதற்கும் முன்பே, 1902-இல், பாஸ்டன் நகரத்து மெதடிஸ்ட் போதகர் எட்கர் ஹெல்ம்ஸ் 'குட்வில்' அமைப்பைத் தொடங்கியிருந்தார். பணக்கார வீடுகளில் பழைய சாமான்களைச் சேகரித்து, வேலை இல்லாத ஏழைகளுக்கே கூலி கொடுத்து அதைப் பழுது பார்க்கச் செய்து, குறைந்த விலைக்கு விற்றார். கவனிக்க வேண்டியது, அவர் அதை இலவசமாகக் கொடுத்துக்கொண்டு போகவில்லை. விலை வைத்தார். இந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் திரும்ப வருகிறேன், எனக்கு முக்கியமானது அதுதான்.

இன்று பிரிட்டனில் மட்டும் இப்படி 10,000-க்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. சரக்கு இலவசம், கடையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அரசும் கை கொடுக்கிறது. கடைக் கட்டடத்துக்கான வரியில் 80 சதவீதம் தள்ளுபடி, நன்கொடையாக வந்த பொருளை விற்றால் மதிப்புக் கூட்டு வரி கிடையாது. கொடுத்தவர் வருமான வரி கட்டுபவராக இருந்து ஒரு படிவத்தில் கையெழுத்தும் போட்டால், அவர் பொருள் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது. இதெல்லாம் கடை பிழைத்திருப்பதற்கான காரணங்கள்.

சந்தோஷத்துக்கான காரணம் வேறு. சாதாரணக் கடையில் ஒரு பொருளின் விலைக்குப் பின்னால் அதை வாங்கிய விலை இருக்கும், அதன்மேல் வாடகை, கூலி, லாபம் எல்லாம் ஏறும். சாரிட்டி ஷாப்பில் வாங்கிய விலை பூஜ்யம். பின்கட்டில் உட்கார்ந்து மூட்டையைப் பிரிக்கிறவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, இவ்வளவு போகும் என்று தன் மனதுக்குப் பட்டதை எழுதி ஒட்டுகிறார். அவருக்குத் துணி தெரியும் என்றால் பீங்கான் தெரியாது. பீங்கான் தெரிந்தால் கேமரா லென்ஸ் தெரியாது. அதனால் விலையும் மதிப்பும் ஒட்டாமல் கிடக்கும் பொருள் ஒன்றிரண்டு எப்போதும் அலமாரியில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தேவை பணம் இல்லை, அறிவு. கம்பளியைத் தொட்டே அசலா கலப்பா என்று சொல்லத் தெரிந்தவர், தட்டைத் திருப்பி அடியில் இருக்கும் முத்திரையைப் படிக்கத் தெரிந்தவர், வார்ப்பிரும்பு வாணலியின் துருவுக்கு அடியில் இருக்கும் நல்ல இரும்பைப் பார்க்கத் தெரிந்தவர், இவர்களுக்குத்தான் அங்கே பொருள் கிடைக்கும். ஏழையின் அறிவு பணக்காரனின் பணத்தை ஜெயிக்கிற கடைகள் உலகத்தில் அதிகம் இல்லை. இது அப்படிப்பட்ட ஒன்று, அதனால்தான் இந்த வேட்டையை நான் மதிக்கிறேன்.

அங்கே போகும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வசதியானவர்கள் குடியிருக்கும் பகுதிக் கடைகளில் சரக்கு நன்றாக இருக்கும், ஏனென்றால் கொடுப்பவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் போவதைவிட வார நாளில் போனால் நிதானமாகத் தேடலாம். ஜிப்பை முழுக்க மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், அக்குளையும் காலரின் உள்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கம்பளி என்றால் பூச்சி அரித்த பொட்டு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய அமைப்புகள் இப்போது விலையுயர்ந்த பொருளைத் தனியாகப் பிரித்து இணையத்தில் விற்கின்றன, அதனால் முன்பு போலப் புதையல் கிடைப்பதில்லை என்று பழைய ஆட்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அங்கே பேரம் பேசக் கூடாது. காசு நோயாளிக்கோ அனாதைக் குழந்தைக்கோ போகிறது என்பதால் விலையைக் குறைக்கச் சொல்வதை அநாகரிகமாகப் பார்க்கிறார்கள்.

நம் பக்கம் வருவோம். பழைய பொருள் புழக்கம் நமக்குப் புதிதே இல்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற தலைமுறை இன்னும் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது. துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி இன்றும் மொபட்டின் பின்னால் எவர்சில்வரை அடுக்கிக் கட்டிக்கொண்டு தெருவுக்குள் வருகிறார். அவர் வண்டியை நிறுத்தியதும் நடக்கும் பேச்சு எப்படி என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

"ரெண்டு பட்டு, நாலு பேண்டு, சட்டை வேற இருக்குண்ணே. இந்தத் தூக்குவாளிக்கு இது போதாதா?"

"பட்டுல ஜரிகை செத்துப்போச்சு தாயி. இன்னொரு பேண்டு போடுங்க, தர்றேன்."

அந்த ஜரிகை செத்துப்போகவில்லை. அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கும். பழைய பட்டுப்புடவையை ஊர் ஊராகத் தேடி வாங்குகிறவர்கள் அந்த வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள், துணியை எரித்து வெள்ளியைப் பிரித்து எடுப்பார்கள். அம்மாவின் கல்யாணப் பட்டு ஒரு தூக்குவாளிக்குப் போன கதை இந்தக் கரையில் எத்தனையோ வீட்டில் உண்டு. இங்கேயும் நடப்பது அறிவு வேட்டைதான், ஆனால் திசை தலைகீழ். சாரிட்டி ஷாப்பில் விஷயம் தெரிந்த வாடிக்கையாளர் லாபம் அடைகிறார், அங்கே நஷ்டப்படுவதற்கு யாரும் இல்லை, ஏனென்றால் கொடுத்தவர் மனதார விட்டுக் கொடுத்தது. நம் தெருவில் விஷயம் தெரிந்த வியாபாரி லாபம் அடைகிறார், நஷ்டம் வீட்டுக்காரப் பெண்ணுக்கு. அந்த வியாபாரியும் வெயிலில் அலைந்து பிழைப்பவர், அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் வீட்டில் பழைய பட்டு இருந்தால் கொடுப்பதற்கு முன் நகை மதிப்பிடத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பித்தளைக்கும் இதே கதைதான். எவர்சில்வர் வந்த வேகத்தில் அண்டாவும் குத்துவிளக்கும் தாம்பாளமும் கிலோ கணக்கில் போயின. கடற்கரையில் இது இரட்டை இழப்பு. உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும், ஜன்னல் கம்பி சில வருடத்தில் தட்டுத் தட்டாக உதிரும். பித்தளையும் செம்பும் பச்சை பூத்தாலும் புளி போட்டுத் தேய்த்தால் எழுந்து நிற்கும். அதனால் கடற்கரையில் பழைய பொருள் வாங்குகிறவர் கடல் இல்லாத ஊர்க்காரரைவிட வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். பழைய ஃபிரிட்ஜ் என்றால் கதவைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்தாமல் பின்னால் குனிந்து அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். பழைய மொபட் என்றால் சீட்டைத் தூக்கி, சேஸிஸ் பற்றவைப்பு மூட்டுகளைப் பாருங்கள், பெயிண்ட் புதுசாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். தேக்கு, பீங்கான், பித்தளை, கண்ணாடி, நல்ல எவர்சில்வர் இவை உப்புக்குப் பயப்படாதவை, பழசாக வாங்க ஏற்றவை. இரும்பும் மின்சாதனமும் மேற்கே பரமக்குடிப் பக்கம் வாங்கினால் கொஞ்சம் ஆயுள் கூட.

பழைய வலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கரையைப் பற்றிப் பேசியதாகவே ஆகாது. கடலுக்கு ஆகாது என்று ஒதுக்கிய நைலான் வலை தோட்டத்துக்கு வேலியாகும், கோழிக்கூண்டு ஆகும், காற்றடிக்காமல் ஓலைக்கூரையை இழுத்துக் கட்ட உதவும், கருவாடு காயும்போது மேலே விரித்தால் காக்கை வராது. வாங்கும்போது வெயிலில் வெந்த வலையா என்று பார்ப்பதுதான் சூட்சுமம். இரண்டு கட்டைவிரலை ஒரு கண்ணியில் கொடுத்துச் சுண்டி இழுத்தால் வெந்த இழை படக்கென்று போகும், நல்லது விரலை அறுக்கும். இதைப் பெண்கள்தான் சரியாகச் செய்கிறார்கள், வலை பொத்தும் வீட்டில் வளர்ந்த கை அது.

இப்படி வலையும் எஞ்சினும் படகுப் பலகையும் பழசாக வாங்கக் கூசாத ஊர், துணி என்று வந்தால் மட்டும் கூசுகிறது. ஏன்? உடம்பில் பட்டது என்பதால் என்று சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. அக்காவின் பாவாடையைத் தங்கச்சி போடுகிறாள், அண்ணன் பேண்டை வெட்டித் தம்பிக்குத் தைக்கிறோம், துபாயில் இருந்து வரும் மச்சான் தான் போட்ட ஜாக்கெட்டைக் கொடுத்தால் பெருமையாகப் போட்டுக்கொண்டு திரிகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பக்கத்து வீடுகளில் பிறந்த குழந்தையை முதலில் சுற்றுவது புதுத்துணியில் இல்லை. பல தடவை துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்திச் சேலையிலோ வேட்டியிலோதான், தொட்டிலும் அந்தச் சேலைதான். நாம் எல்லாருமே பிறர் உடுத்திய துணியில்தான் வாழ்க்கையைத் தொடங்கியிருக்கிறோம். ஆகவே கூச்சம் துணியின் மேல் இல்லை, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் இருக்கும் உயரத்தின் மேல். பண்ணை வீட்டில் வேலை செய்கிறவருக்குக் கூலியோடு சேர்த்துப் பழைய துணியைத் தூக்கிப் போட்ட காலம் ஒன்று இருந்தது. வாங்கியவர் தேர்ந்தெடுக்க முடியாது, வேண்டாம் என்று சொல்ல முடியாது, கையை ஏந்தி வாங்க வேண்டும். பழைய துணி என்றதும் நம்மில் பலருக்கு உள்ளே சுருங்குவது அந்த நினைவுதான், அதில் சாதி இருக்கிறது. அதை மறைத்துவிட்டுச் சுத்தம், கிருமி என்று பேசிக்கொண்டிருப்பதில் பலன் இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இலங்கை குறுக்கே நின்றதால் நம் மாவட்டம் பெரும்பாலும் தப்பியது, நாகப்பட்டினம் தப்பவில்லை. நாடு முழுக்க இருந்து லாரி லாரியாகப் பழைய துணி அந்தக் கரைக்கு வந்து இறங்கியது, அதில் பெரும்பகுதி சாலை ஓரத்தில் குவிந்து மழையில் நனைந்து கிடந்தது. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. கிழிந்தது இருந்தது, குளிர் ஸ்வெட்டர் இருந்தது, சேலை கட்டும் பெண்களுக்கு ஜீன்ஸ் இருந்தது. கடலில் உழைத்துத் தன் காசில் துணி எடுத்துக் கட்டிய மனிதர்களிடம், வீடு போன மறுவாரம், யாரோ வேண்டாம் என்று எறிந்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னால் அவர்கள் எப்படித் தொடுவார்கள்? கொடுத்தவர்களின் மனது நல்ல மனதுதான். கொடுத்த விதத்தில் தேர்வுக்கு இடமே இல்லை.

அன்ஷு குப்தா 1999-இல் டெல்லியில் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு இந்தச் சிக்கலைத்தான் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. கிராமத்து மக்கள் சேர்ந்து கிணறு வெட்டுவார்கள், பாதை போடுவார்கள், அதற்கு ஈடாகத் துணியும் சாமானும் பெறுவார்கள். வாங்குவது பிச்சையாக இல்லாமல் உழைப்புக்குக் கிடைத்ததாக மாறுகிறது. மிஞ்சும் பருத்தித் துணியை மாதவிடாய்த் துணியாகத் தைத்துக் கொடுப்பது அவர்களுடைய இன்னொரு பெரிய வேலை. குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது.

உழைப்புக்குப் பதில் துணி என்பது ஒரு வழி. விலைக்குத் துணி என்பது இன்னொரு வழி, எனக்கு இதுவே கூடுதலாகப் பிடிக்கும். பத்து ரூபாயோ இருபது ரூபாயோ, ஒரு விலை எழுதி ஒட்டிவிட்டால் வாங்க வருபவர் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். துணியைப் புரட்டிப் பார்க்கலாம், நிறம் பிடிக்கவில்லை என்று திரும்ப வைக்கலாம், இதைவிட நல்லது உள்ளே இருக்கிறதா என்று கேட்கலாம், ஒன்றுமே வாங்காமல் வெளியே போகலாம். இலவசக் கியூவில் இது எதுவுமே முடியாது. கேட்டால் 'சும்மா குடுக்குறதுல இவுகளுக்கு நொட்டை பாரு' என்று பேச்சு வரும். வேட்டையின் சந்தோஷம் என்று நான் சொல்வது முழுக்க இந்த உரிமையில்தான் நிற்கிறது. குறைந்த விலை அதை எல்லோருக்கும் எட்ட வைக்கிறது, அவ்வளவுதான்.

நம் கரையில் இதற்கு விதை இல்லாமல் இல்லை. சர்ச் திருவிழாக்களில் நேர்ச்சையாக வந்த ஆட்டையும் கோழியையும் ஏலம் விடுகிறார்கள், சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலம் நடக்கிறது. சில ஊர்ப் பள்ளிவாசல்களில் ஜும்மா முடிந்து வெளியே வந்தால் தேங்காயும் முட்டையும் சேவலும் ஏலத்துக்கு நிற்கும். அறநிலையத் துறைக் கோயில்களில் அம்மனுக்குச் சாத்திய சேலைகளை விலைக்கு விடுவது வழக்கம், அந்தச் சேலையை வாங்கிக் கட்டுவதில் யாருக்கும் கூச்சம் வந்ததில்லை, பிரசாதமாகவே நினைக்கிறார்கள். எல்லாவற்றிலும் அமைப்பு ஒன்றுதான்: மனமுவந்து கொடுத்த பொருள், விற்று வரும் காசு பொதுக் காரியத்துக்கு. ஏலத்தில் விலை மேலே ஏறும், முதல் தேங்காயைக் கடை விலையைவிடப் பல மடங்கு கொடுத்து எடுப்பவர் அதைச் சமைக்க எடுப்பதில்லை, ஊருக்கு முன்னால் கொடுக்க ஒரு வாய்ப்பாக எடுக்கிறார். அது அவருடைய சந்தோஷம். ஆனால் கூட்டம் கலையும் நேரத்தில், பணக்காரர்கள் கிளம்பிய பிறகு, மிஞ்சிய காய்கறிக் கூடையை நியாயமான விலைக்கு எடுத்துக்கொண்டு போகும் அக்காமார்களையும் பாருங்கள். சாரிட்டி ஷாப் என்பது அந்தக் கடைசி அரைமணி நேரம்தான், தினமும் திறந்திருக்கிறது.

எல்லா மலிவும் இப்படிச் சுத்தமான மலிவு கிடையாது. அடகில் மூழ்கிய நகையை ஏலத்தில் எடுத்தால் லாபம்தான், அந்தச் சங்கிலிக்குப் பின்னால் வட்டி கட்ட முடியாமல் போன ஒரு வீடு இருக்கிறது. கடன் தாங்காமல் உடைத்து விற்ற விசைப்படகின் பலகை மலிவாகக் கிடைக்கும். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன நம் படகுகளை 2022-இல் அந்த நாட்டு அரசு ஏலம் விட்டபோது, அங்கே யாரோ ஒருவருக்கு அது மலிவு விலையாகத்தான் இருந்திருக்கும், இங்கே ஒரு குடும்பத்தின் மொத்த முதலும் அது. மலிவு எங்கே இருந்து வருகிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். யாரும் இழக்காமல் ஒருவருக்கு லாபம் வரும் இடம் என்று பார்த்தால் நன்கொடைக் கடை மாதிரி இன்னொன்றை என்னால் எளிதில் சொல்ல முடியவில்லை.

அங்கேயும் குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் கொடுக்கப்படும் துணி முழுவதும் கடையில் விற்பதில்லை. விற்காததை எடைக்கு வாங்கும் வியாபாரிகள் மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். கானா நாட்டுத் தலைநகர் அக்ராவின் காந்தமாந்தோ சந்தைக்குப் போய்ச் சேரும் மூட்டைகளில் உடுத்தத் தகாதது நிறைய, அது கடைசியில் அந்த ஊர்க் கடற்கரையில் ஒதுங்குகிறது. குஜராத்தின் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் வெளிநாட்டுப் பழைய துணியைப் பிரித்து மறுபடி ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஹரியானாவின் பானிபட்டில் பழைய கம்பளியைக் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள், வெள்ளத்துக்கும் புயலுக்கும் நிவாரணமாகக் கொடுக்கும் கம்பளிகளில் அந்த நூல் உண்டு. கடற்கரைக்காரர்கள் நமக்கு இதன் வலி தெரியும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் தேவிபட்டினத்திலும் பரிகாரம் என்று கடலிலேயே விட்டுப் போகும் துணி வலையிலும் பாறையிலும் சுற்றுவதைப் பார்த்தவர்கள்தானே நாம். கிழிந்ததையும் கறை பிடித்ததையும் நன்கொடை என்று கொடுத்தால் குப்பை அள்ளும் வேலையை ஏழையின் தலையில் கட்டுகிறோம் என்று அர்த்தம்.

சரி, இங்கே ஒரு கடை போட்டால் சரக்கு எங்கே இருந்து வரும்? வீடுகளில் பீரோவைத் திறந்து பாருங்கள். விசேஷத்துக்கு விசேஷம் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணி, தைக்காமலே வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த பேண்ட் சட்டைத் துணி, பெட்டி பிரிக்காத டின்னர் செட், ஒரே மாதிரி நாலு சுவர்க் கடிகாரம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவில் இருந்து வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கொண்டுவரும் போர்வை, பிள்ளைகள் வளர்ந்ததும் ஓரம் கட்டிய சைக்கிள், பொம்மை. இதில் பாதி யார் உடம்பிலும் படாதது, கூச்சப்பட ஒன்றும் இல்லை. அதில் இருந்து தொடங்கினால் உடுத்திய துணிக்குத் தானாக வந்து சேரலாம்.

நடத்துவதற்குப் பெரிய அமைப்பு வேண்டியதில்லை. மகளிர் சுயஉதவிக் குழுவோ, ஜமாத்தோ, சர்ச் மன்றமோ ஒரு அறை கொடுத்தால் போதும். துவைத்து, பொத்தான் தைத்து, தேய்த்துத் தொங்கவிட வேண்டும், தரையில் குவிக்கக் கூடாது, குவித்தால் சுனாமிக் குவியல்தான் கண்ணுக்குத் தெரியும். ஆள் உயரக் கண்ணாடி ஒன்றும், போட்டுப் பார்க்க மறைப்புத் திரை ஒன்றும் கட்டாயம் வேண்டும், வாங்க வருபவரை மதிக்கிறோம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. உள்ளாடை வேண்டவே வேண்டாம். வந்த காசு எதற்குப் போனது என்று மாதா மாதம் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். கூடவே, ஊரில் வசதியான நாலு பேர் முதல் வாரத்திலேயே வந்து தங்களுக்கும் ஏதாவது வாங்க வேண்டும், ஏழைகளுக்கான கடை என்று பெயர் விழுந்துவிட்டால் ஏழைகள் வரமாட்டார்கள்.

எப்போது திறப்பது என்பதற்கு இந்தக் கரையில் ஒரு பதில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வருமானம் நின்றிருக்கும் அதே நேரத்தில்தான் பள்ளிக்கூடம் திறக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தையும், எட்டாம் வகுப்பு வரை சீருடையையும் அரசு கொடுத்துவிடும், தனியார் பள்ளியில் சேர்த்த மீனவக் குடும்பங்கள்தான் வட்டிக்கு வாங்கிச் சீருடை எடுக்கின்றன, போன வருடச் சீருடை பக்கத்துத் தெருவில் சின்னதாகிப்போய் மடித்துக் கிடக்கும்போதே. மே மாதத் தொடக்கத்தில், வேறு எதுவும் இல்லாமல், சீருடை, ஷூ, பை, புத்தகம் இவற்றை மட்டும் வைத்துக் கடையைத் திறந்தால் போதும். பள்ளிவாரியாக, அளவுவாரியாகத் தொங்கவிட்டு, ஒரு ஜோடி இருபது ரூபாய் என்று எழுதி வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அவர்களே எடுத்துப் போட்டுப் பார்க்கட்டும்.